உயரமான குதிரையில் மரகதம் அக்கா

செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஊட்டியில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கான குழு அது. ரோஜாப்பூவும் சூரிய உதயமும் முழங்கால் வலிக்கான கஷாயமும் தினமும் வந்து விழுகிற இடம். அன்று ஒரு ரோஜாவுக்கும் ஒரு கஷாயத்துக்கும் நடுவில், "அம்மா இன்று விடியற்காலை காலமானார்" என்று மரகதம் அக்காவின் மகள் கவிதா எழுதியிருந்தார். எதைப் பார்த்தாலும் கட்டைவிரலை உயர்த்திவிடும் பழக்கத்தில் நம்மில் இருவர் அதற்கும் உயர்த்தியிருந்தார்கள். பிறகு பதறிப்போய் அதை எடுத்துவிட்டுக் கைகூப்பினார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அக்கா இருந்திருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டார். "பரவால்ல, சந்தோசமாத்தான் அனுப்பி வெக்கிறாங்க" என்று சொல்லியிருப்பார்.

நாம் எல்லோரும் அவரை முதலில் ஹெட்போன் மாட்டிய ஒரு தலையாகத்தான் பார்த்தோம். வெளியூருக்குப் பேச ஆபரேட்டர் லைன் போட்டுத் தரும்வரை காத்திருந்த டிரங்க் கால் காலம். சுவிட்ச் போர்டு உயரமானது; அதற்கேற்ப நாற்காலியும் உயரமானது. இரண்டையும் செய்தவர்கள் மரகதம் அக்காவை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, சூப்பர்வைசர் பெருந்தன்மையோடு கையை நீட்டினார். "வேணாங்க சார்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியின் குறுக்குக் கட்டையில் ஒரு காலை வைத்து, மேசை விளிம்பைப் பிடித்து, சுவர் ஏறும் பூனையைப் போல மேலே போய் உட்கார்ந்தார். கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. அந்த போர்டு பழைய இரும்புக்குப் போகும்வரை அப்படியேதான் தொங்கின.

"ஏறுறவங்களே ஏறணும் தம்பி. தூக்கி வெச்சா அது மூட்டை" என்று அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார். நான் அவரைவிட வயதில் கொஞ்சம் இளையவன். வேலையிலும் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். நாற்காலியைப் பற்றிய கருத்து என்று எடுத்துக்கொண்டேன். அது குதிரையைப் பற்றியது என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

அவருடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அரசாங்கம் அவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர் வைத்தது. அதுவரை தாயகத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை என்பதை அந்தப் பெயர் பொருட்படுத்தவில்லை. பந்தலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியேறினார்கள். அங்கிருந்து படித்து, பரீட்சை எழுதி ஊட்டிக்கு வந்தவர் அக்கா. கடைசிவரை அவருக்குத் தேநீர் தேத்தண்ணிதான், சோப்பு சவுக்காரம்தான். நாம் அதைக் கேலி செய்தோம். அவர் நம் "ஏனுங்க"வைக் கேலி செய்தார். கணக்கு நேராகத்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று அவருக்கும் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று மேடையில் வழக்கம்போலக் கேட்டார்கள். அவருக்கு முன் பேசியவர்கள் காசிக்குப் போவதாகவும் பெங்களூரில் பேரக்குழந்தைகளோடு இருக்கப் போவதாகவும் சொல்லியிருந்தார்கள். அக்கா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, "குதிரை ஏறப் போறேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்த வாரமே போன் வந்தது. "தம்பி, குடை எடுத்துக்கிட்டு வா. குதிரை பாக்கப் போறோம்."

ஊட்டிக்கு வெளியே சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் ஒரு புல்மேடு. சுற்றுலா வருகிறவர்களை மட்டக்குதிரைகளில் ஏற்றி ஒரு சுற்று நடத்திவிட்டு இறக்கி, போட்டோ எடுத்து அனுப்புகிற இடம். குதிரைக்காரர் யூசுப் பாய் இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு குனிவார். "காலைக் குடுங்க" என்பார். வந்தவர் ஷூ காலைத் தூக்கி அந்தக் கைகளில் வைப்பார். பாய் ஒரு உந்து உந்தினால் ஆள் சேணத்தில் இருப்பார். அங்கே அதுதான் முறை. கோயம்புத்தூரிலிருந்து வருகிற கனமான குடும்பங்களையெல்லாம் அவர் இப்படித்தான் உயர்த்தினார்.

அந்தக் குதிரைகளுக்குப் பின்னால், கொட்டகையை ஒட்டி ஒரு குதிரை தனியாக நின்றது. மற்றவை அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து போகலாம் போலிருந்தது. ஒரு காலத்தில் ரேஸில் ஓடியது. அப்போது அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்ததாம். இங்கே வந்தபின் அதன் பெயர் சேர்மன். உயரமாக நிற்கும், யாரையும் நெருங்க விடாது, தீவனம் மட்டும் வேளை தவறாமல் போக வேண்டும் என்று பாய் காரணம் சொன்னார்.

"எனக்கு இதுதான்" என்றார் அக்கா.

"ஏனுங்கம்மா, அது ஆளை ஏத்தாதுங்க. போட்டோவுக்குப் பின்னாடி நிக்கறதோட சரி. லட்டுன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, தங்கமான குதிரை. உங்க உயரத்துக்குன்னே செஞ்ச மாதிரி."

"என் உயரத்துக்கு நான் இருக்கேன் பாய். குதிரை எதுக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். குதிரையைப் பற்றிய என் அறிவு சதுரங்கப் பலகையோடு முடிந்துவிடுவதால் நான் மேகத்தைப் பார்த்தேன். அவர் பெருமூச்சுவிட்டு, சேர்மனுக்குச் சேணம் கட்டிக் கூட்டிவந்தார். விரல்களைக் கோத்துக் குனிந்து, "காலைக் குடுங்கம்மா" என்றார். சூடான பாத்திரத்தைத் தொட்டவரைப் போல அக்கா இரண்டடி பின்னால் போனார். "கை வேணாம். நானே ஏறிக்கறேன்."

சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம் அவர் தோளுக்கு நேராக இருந்தது.

அடுத்து வந்த மாதங்களில் மனிதன் குதிரைமேல் ஏறுவதற்குப் பயன்படுத்தக்கூடிய எல்லாப் பொருள்களையும் நாங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். முதலில், டீக்கடை சாந்தியின் பிளாஸ்டிக் நாற்காலி. சேர்மனிடம் ஒரு நாசூக்கு இருந்தது. அக்கா நாற்காலியில் ஏறி நிற்கும்வரை அசையாது. கால்வளையத்தில் காலை வைக்கத் தூக்கும்போது பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்கும். ஓடாது, உதைக்காது, விலகிக்கொள்ளும். பொறுப்பில் இருப்பவர்கள் செய்வதுதான். அக்காவும் நாற்காலியும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் விழுந்தார்கள். சாந்தி கடையை விட்டு ஓடிவந்தார்.

"ஏனுங்கக்கா, அடி பட்டுருச்சுங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்களைக் கேக்கலீங்க. என்ற சேரைக் கேட்டேன்."

பிறகு தண்ணீர்த் தொட்டியின் சுவர். பிறகு யாரோ நிறுத்திவிட்டுப் போன ஜீப்பின் பம்பர். அந்த யாரோ திரும்பி வந்ததால் அது பாதியில் நின்றது. ஒவ்வொரு முறையும் பாய் விரல்களைக் கோத்து நிற்பார். ஒவ்வொரு முறையும் அக்கா வேண்டாம் என்பார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், இதை நான் ஒரு குள்ளமான மனுஷியின் வீம்பு என்றே நினைத்தேன். குள்ளமானவர்களின் வீம்பைப் பற்றி உயரமானவர்கள் எழுதிய கருத்துகளை நான் நிறையப் படித்திருந்தேன்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. சாந்தியின் கடையில் ஒதுங்கியிருந்தோம். "ஊரே பாய் கையில கால் வெச்சு ஏறுது. உங்க காலுக்கு மட்டும் என்னக்கா?" என்று கேட்டேன். அக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பா அங்க தோட்டத்துல குதிரைக்காரரு தம்பி. தொரை வீட்டுக் குதிரை. கழுவுவாரு, தேய்ப்பாரு, புடிச்சு நடத்திக்கிட்டுப் போவாரு. ஏற மட்டும் ஏறக் கூடாது. தொரைசாணி சவாரி போறப்ப இந்தா, இந்தப் பாய் மாதிரி ரெண்டு கையையும் கோத்துக்கிட்டுக் குனியணும். அந்தம்மா பூட்ஸ் காலை அதுல வெச்சு ஏறும். மழைக்காலத்துல பூட்ஸு முழுக்கச் சேறு. வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டுத் தேய்ப்பாரு பாரு, சோத்தைப் போட்டு வெச்சுட்டு எங்கம்மா காத்துக்கிட்டே இருப்பா."

"கோவப்படுவாரா?"

"கோவமா? பெருமை! தொரைசாணி எடை கூடுனாலும் கொறைஞ்சாலும் அவரு கைக்குத்தான் மொதல்ல தெரியுமாம். அந்தம்மா உண்டானது தொரைக்கே தெரியாது, எங்கப்பாவுக்குத் தெரியும். கனமாயிட்டேனான்னு அது கேக்குமாம். 'இல்லீங்க தொரைசாணி, காத்து மாதிரி இருக்கீங்க'ன்னு சொல்லுவாராம். சொல்லிட்டுச் சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வராது. எனக்கு அந்தக் குதிரை மேல அம்புட்டு ஆசை. ஆனா அதுல ஏற எங்கப்பா கைதான் படி. எப்படி ஏறுறது?"

மழை விட்டிருந்தது. சாந்தி எங்களிடம் எதுவும் கேட்காமல் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வெளியே போட்டார்.

வழியைக் கண்டுபிடித்தது அக்காதான். நீலகிரியில் அபூர்வமான பொருள் சமதளம். அத்தனை மாதங்கள் நாங்கள் அந்த மேட்டில் இருந்த ஒரே சமதளத்தில் போராடிக்கொண்டிருந்தோம். சரிவில் ஒரு மண் திட்டு இருந்தது. குதிரையைக் கீழே நிறுத்தினால் திட்டில் நிற்பவருக்கு அதன் முதுகு இடுப்பளவுதான். மறுபக்கம் மண் சுவர் என்பதால் சேர்மனால் விலகவும் முடியவில்லை. எவ்வளவு எளிது என்று நான் வியந்தேன். ஆனால் ரேஸ் குதிரைக்கு வாழ்நாள் முழுக்க இடப்பக்கமாக ஏற விட்டுத்தான் பழக்கம். அதன் இடப்பக்கம் திட்டோடு ஒட்டி நிற்க வேண்டுமானால் அதன் முகம் கொட்டகையைப் பார்த்து இருக்கும். கொட்டகையில் தீவனம்.

அக்கா முதன்முதலாகக் குதிரைமேல் உட்கார்ந்த நாள் அது. திட்டிலிருந்து காலைப் போட்டு, பிடரியைப் பிடித்து, யார் கையும் படாமல் உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டுவதற்குள் சேர்மன் கிளம்பிவிட்டது. வேகமெல்லாம் இல்லை. ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் நடை. நேராகக் கொட்டகைக்குள் போய்த் தீவனத் தொட்டியில் தலையை விட்டது. அக்கா கொட்டகைக் கூரையில் தலை இடிக்காமல் குனிந்தபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்குக்கா?"

"நல்லாருக்கு தம்பி. சுவத்துல ஒட்டடை அடிக்கணும்."

அந்த மழைக்காலம் முழுவதும் அவருடைய சவாரி திட்டிலிருந்து தீவனத் தொட்டி வரைதான். பாய் கடிவாளம் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். சேர்மன் அதைக் கேட்டுக்கொண்டது, ஏற்கவில்லை. கடைசியில் ஒரு தெளிவான காலையில், கொட்டகைக்கு முன்னால் வந்ததும் அக்கா கடிவாளத்தை இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். சேர்மன் நின்றது. யோசித்தது. பிறகு திரும்பிப் புல்மேட்டை நோக்கி நடந்தது. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "லைன் கெடைக்கல, காத்திருங்கன்னு சொன்னேன்" என்றார். அந்தக் குரலுக்கு ஒரு தலைமுறையே காத்திருந்ததை நாம் அறிவோம்.

மேட்டின் உச்சியில் குதிரையை நிறுத்தினார். சாந்தி ஏறிவந்து தேத்தண்ணியை மேலே நீட்டினார். அக்கா அதை வாங்கிக் குடித்தார்.

"இங்கருந்து பாத்தா தேயிலைக்கு மேல மலை தெரியுது" என்றார். "எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்காது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே என்னைக் காப்பாற்றினார். "உன் வழுக்கையும் தெரியுது தம்பி. தொப்பி வாங்கிக்க."

அதன்பிறகு பல ஆண்டுகள் வாரம் தவறாமல் போனோம். நீங்கள் சிலர் வந்து பார்த்திருக்கிறீர்கள். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் போட்டோக்களில் அவர் குதிரைமேல் இருப்பதுதான் தெரியும். ஏறியது தெரியாது. இதை எழுதுவது அதற்காகத்தான்.

சென்ற ஆண்டு மழைக்குப் பின் போனபோது திட்டைக் காணவில்லை. கார்கள் நிறுத்த இடம் போதவில்லை என்று யாரோ ஜேசிபி வைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். நீலகிரியில் சமதளம் அபூர்வம் என்று சொன்னேன். அன்று அதில் ஒன்று அதிகமாகியிருந்தது. அக்காவுக்குச் சில மாதங்களாகவே இருமல். ஸ்வெட்டருக்குமேல் சால்வை, சால்வைக்குமேல் மப்ளர் என்று சுற்றிக்கொண்டு வந்திருந்தார். திட்டு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். சாந்தி நாற்காலியை எடுத்து வந்தார். அக்கா அதில் ஏறவில்லை, உட்கார்ந்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

பாய் மெதுவாக விரல்களைக் கோத்தார். "ஒரே ஒரு தடவைங்கம்மா. உங்க புள்ளை மாதிரி நெனச்சுக்குங்க."

"கோவிச்சுக்காதீங்க பாய். உங்க கை பொழைப்புக்காகக் குனியுற கை. எங்கப்பா கையும் அதுதான். அதுல நான் கால் வெக்க மாட்டேன்."

சேர்மன் காத்திருந்தது. அதற்கும் வயதாகிவிட்டதால் இப்போதெல்லாம் விலகுவதில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். திட்டு இல்லை, சுவர் இல்லை, ஜீப் இல்லை. என்னைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

"என் கை சும்மாத்தானே இருக்குக்கா" என்றேன். "ரிட்டயர்டு கை. இதால யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்ல."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் முழங்கால் தாங்குமா?"

"கஷாயம் குடிக்கறேன்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு குனிந்து இடது கால் ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். சால்வையின் முனையால் பாதத்தைத் துடைத்தார். விரல் இடுக்குகளையும் விடாமல் துடைத்தார். கோயிலுக்குள் போகிறவர்கள்கூட அவ்வளவு கவனமாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்து, ஷூவை என் பையில் போட்டார். நான் விரல்களைக் கோத்துக் குனிந்தேன். அந்தப் பாதம் வந்து என் கைகளில் நின்றது. குளிர்ந்திருந்தது.

பாய் எத்தனையோ பேரைத் தூக்கியதைப் பார்த்திருந்த நான், அக்காவின் உடம்புக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று மனத்தில் ஒரு கணக்குப் போட்டு அத்தனையையும் திரட்டி உந்தினேன். தவறான கணக்கு. அவர் சேணத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விடப் பார்த்தார். பிடரியைப் பிடித்துத்தான் தப்பித்தார். சாந்தி "ஐயோ சாமி!" என்று கத்தினார். நான் குனிந்த நிலையிலேயே இருந்தேன். கோத்த விரல்களைப் பிரிக்கத் தோன்றவில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. "எவ்வளவு கனம் தம்பி?"

"தாராளமா இருக்கீங்கக்கா. கை வலிக்குது."

அக்கா சேர்மனின் காதுகளுக்கு நடுவே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா கனத்தைக் காத்துன்னு சொன்னாரு" என்றார். "நீ காத்தைக் கனம்னு சொல்ற. ரெண்டும் ஒரே வேலைதான்."

கடிவாளத்தை அசைத்துக் கிளம்பினார். ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமையுமாக மேட்டைச் சுற்றி வந்தார். இறங்குவதற்கு அவருக்கு எப்போதும் யாரும் தேவைப்பட்டதில்லை, சறுக்கி இறங்கிவிடுவார். இறங்கியபோது மழை தொடங்கிவிட்டது. பாயின் ரப்பர் செருப்பு ஒன்றை இடது காலில் மாட்டிக்கொண்டு அவசரமாக ஆட்டோவில் ஏறினார். ஷூ என் பையிலேயே தங்கிவிட்டது. இரவு போனில் சொன்னபோது, "அடுத்த தடவ கொண்டா" என்றார். "அடுத்த தடவ நான் கை குடுக்கறேன், நீ ஏறு. உன் சாக்ஸைத் துவைச்சுட்டு வா." துவைத்து வைத்தேன். அந்த வாரமே அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர்கள் பல பரிசோதனைகள் செய்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவுக்கு என் கைகள் முன்பே வந்திருந்தன.

இறுதிச் சடங்குக்குப் போனபோது ஷூவை எடுத்துப் போயிருந்தேன். அவர் வீட்டு வாசலில் செருப்புகள் வைக்கும் தட்டில் வலது கால் ஷூ மட்டும் இருந்தது. சுத்தமாகத் துடைத்து, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். பாயும் சாந்தியும் வந்திருந்தார்கள். கவிதாவிடம் பையைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. அம்மா உங்ககிட்டதான் குடுத்தாங்க" என்றார்.

ஆகவே அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இடது கால் கேன்வாஸ் ஷூ ஒன்று. அதற்குள் சுருட்டிய காலுறை. அதோடு, இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரு பாதத்தின் குளிர்ச்சி, ஒரு கனம். அக்கா கடைசியில் ரொம்பவும் இளைத்துவிட்டாராமே என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டீர்கள். அதெல்லாம் இல்லை. தாராளமாக இருந்தார். எனக்கு இன்னும் கை வலிக்கிறது.